நான்காம் எண் கிணறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் அலமாரியோடு இலவசமாகக் கிடைத்தது.

போன மாதம், 1998 ஆகஸ்டில், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பழைய சாமான் கடையில் புத்தக அலமாரி வாங்கினேன். தேக்கு என்று சொல்லித்தான் தலையில் கட்டினான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேபி நகத்தால் கீறிப் பார்த்து, "தேக்காம் தேக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அது போகட்டும். மேல்தட்டில் யாரோ ஒரு வரைபடத் தாளை ஒட்டியிருந்தார்கள். நீலக் கோடுகள் விழுந்த பழைய பிரிண்ட். நடுவில் ஒரு செவ்வகம்: 'டீசல் தொட்டி, தரைக்கடியில்.' சுற்றிலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்ட வட்டங்கள்: கிணறுகள். தொட்டியையும் கிணறுகளையும் வளைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போகும் ஒரு கோடு: 'சுத்திகரிப்பு எல்லை.' மூலையில், 'அயனம்பாக்கம். வரைந்தவர்: நாகவல்லி, 11.5.93.'

நான்காம் எண் கிணற்றுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தக் கோடு கலங்கியிருந்தது.

ட்ரேசிங் தாளில் மையால் போட்ட கோட்டை அழிக்க ரப்பர் உதவாது. பாதி பிளேடை எடுத்து, தாள் கிழியாமல் மெதுவாகச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் பிரிண்டில் அழுக்கு மாதிரி விழும். (எனக்கு எப்படித் தெரியும்? ஆவடியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். பிளேடு நழுவிய தழும்பு கட்டைவிரலில் இருக்கிறது. பிரிண்ட் போடும் அம்மோனியா புகையில் மூக்கும் செத்துவிட்டது. அந்தத் தாளில் இன்னும் அம்மோனியா வாசம் அடிக்கிறது என்று பேபி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.)

சரி, சுரண்டிய பிறகு கோடு எந்தப் பக்கம் போனது? நான்காம் கிணற்றை உள்ளே வைத்ததா, வெளியே தள்ளியதா? அங்கேதான் தட்டின் அளவுக்குத் தாளை வெட்டியிருக்கிறான் தச்சன். வசதியாக நானே வெட்டிக்கொண்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். சத்தியமாகத் தச்சன்தான் வெட்டினான்.

2

தொடக்கங்கள் சில. குப்பையில் போட மனமில்லாமல் இங்கே வைக்கிறேன்.

'வானகரம் அம்பத்தூர் சாலையில் பொழுது விடிந்தபோது, பெட்ரோல் பங்கின்'

வேண்டாம். பொழுது விடிந்து தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

'இரும்புத் தொட்டியை மண்ணில் புதைத்தால் பதினைந்து, இருபது வருஷத்தில் துரு அதைத் தின்றுவிடும். ஊசி முனை அளவு ஓட்டை போதும். பங்க்காரன் தினமும் காலையில் குச்சி விட்டு அளந்தாலும் அந்தக் குறைச்சல் கண்ணில் படாது. ஆனால் மண் குடித்துக்கொண்டே'

இது கட்டுரை. பேபியிடம் படித்துக் காட்டினேன். "யாரு இதுல? ஆளையே காணமே?" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள்.

ஆள் இதோ.

3

நாகவல்லிக்கு இருபத்தாறு வயது. (தாளில் வயது இல்லை, நான் கொடுத்தது.) அயனம்பாக்கத்துப் பெண். அப்பா காலத்தில் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிட்டர், இவள் ஐ.டி.ஐ.யில் படம் போடப் படித்தவள். வேலை, பரந்தாமன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரின் இரண்டு அறை அலுவலகத்தில். கீழே லேத் பட்டறை. லேத் ஓடினால் மேலே பேனா நடுங்கும். அதனால் பட்டறை ஆட்கள் டீ குடிக்கப் போகிற கால் மணி நேரத்துக்காகக் காத்திருந்து வட்டங்களைப் போடுவாள்.

தொண்ணூற்றிரண்டு மழைக்குப் பிறகு அவள் தெருக் கிணற்றில் டீசல் நாற்றம் அடித்தது. தண்ணீர்மேல் கலர் கலராகப் படலம் மிதந்தது. சோறு நாறியது, துவைத்த துணி நாறியது, குளித்த பிள்ளைகளின் தலைமுடி நாறியது. நூற்று நாற்பது மீட்டர் தள்ளி, மெயின் ரோட்டில் பங்க். தெரு மொத்தமும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டு மனு கொடுத்தது.

அலுவலகம் பங்க் முதலாளிக்கு உத்தரவு போட்டது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயரில்லாத அலுவலகம். பச்சை மை, நாடா கட்டிய கோப்பு, இரண்டு மணிக்கு மேல் காலி நாற்காலி. உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.) சுத்திகரிப்புத் திட்டம் ஒன்று தயாரித்து, அனுமதி வாங்கி, அதன்படி செய் என்றது உத்தரவு. திட்டம் போட முதலாளி வந்து சேர்ந்தது பரந்தாமனிடம். ஆக, தன் தெருவைத் தானே வரையும்படி ஆயிற்று நாகவல்லிக்கு. ஒன்றுக்கு ஆயிரம் என்ற அளவில் அவள் வீடு ஒரு பொட்டுக்கடலை அளவு இருந்தது.

விதி எளிமையானது. அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரில் வந்து ஐந்து கிணற்றிலும் தண்ணீர் எடுப்பார். டீசல் இருக்கிற கிணறு எல்லைக்கு உள்ளே, இல்லாத கிணறு வெளியே. உள்ளே இருந்தால் மண்ணைத் தோண்டி அள்ளுவார்கள், ஆறு மாதம் கிணற்றை இறைத்துக்கொண்டே இருப்பார்கள், நல்ல தண்ணீர் வரும்வரை லாரியில் தண்ணீர் வரும். வெளியே இருந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அவ்வளவுதான்.

4

இனி வருகிற தப்பை இந்தத் தெருவைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. அதனால்தான் இந்தக் கதையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பரந்தாமன் சொன்னார்: "திங்கக்கிழமை ஆபீசர் சாம்பிள் எடுக்க வராரு. தேதி நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். பங்க்காரன் காதுக்குப் போச்சுன்னா ஏதாவது நாடகம் பண்ணுவான். வாயத் தொறக்காத நாகவல்லி."

பங்க்காரனிடம் அவள் ஏன் சொல்லப் போகிறாள்? அன்று சாயங்காலம் வேம்புலியம்மாளிடம் மட்டும் சொன்னாள். "அத்தே, திங்கக்கிழம ஆபீசர் வராரு. எங்கியும் பூடாத. கெணத்தப் பத்தி நீதான் ஒயுங்கா சொல்லுவ."

வேம்புலியம்மாளுக்கு அறுபது இருக்கும். அந்தத் தெருக் கிணறு, வரைபடத்தின் நான்காம் எண், அவள் வீட்டை ஒட்டிய உறைக்கிணறு. அறுபத்தேழில் அவள் புருஷன் சின்னசாமியும் இன்னும் எட்டுப் பேரும் கூலி வேலை முடித்து வந்து, மிச்சப் பொழுதில் தோண்டியது. அதற்கு முன்னால் அவள் மேட்டுத்தெருக் கிணற்றுக்குப் போய், குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி நிற்பாள். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. சொந்தக் கிணற்றில் முதல் தண்ணீர் கண்ட அன்று சின்னசாமி சேற்றோடு அப்படியே அள்ளிக் குடித்ததை இன்றைக்கும் கண்ணீரும் சிரிப்புமாகச் சொல்லுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகவல்லி வேப்பம்பட்டில் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து என்று போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசல்கள் பெருக்கிச் சாணி தெளித்திருந்தது. கிணற்றைச் சுற்றி வெள்ளையடித்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. எட்டிப் பார்த்தாள். அடியில் முழங்கால் ஆழத்துக்குப் புதுத் தண்ணீர், கண்ணாடி போல. வேம்புலியம்மாளிடம் ஓடினாள்.

"இன்னா அத்தே பண்ணி வெச்சிகீறீங்க?"

"இன்னா பண்ணோம்? காலீலருந்து மோட்டார் வெச்சி எறச்சோம். துலுக்கானமும் இன்னும் நாலு பசங்களும் உள்ள எறங்கி, சோடா உப்பு போட்டு ஒற ஒறயா தேச்சானுங்க. பாரு, பளபளன்னு கீது."

"ஐயோ, அந்த நாத்தத்தப் பாக்கத்தான அத்தே அவுரு வராரு!"

"அதுக்கு? ஊடு தேடி வர்ற மனுசனுக்கு நாத்தத்தையா எடுத்து நீட்டுவாங்க?" வேம்புலியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம கெணறு நாறுதுன்னு எழுதிகினு போவான். ஆபீஸ் பூரா படிப்பானுங்க. ஒரு காலத்துல நம்மளயே நாறுதுன்னாங்கமே. இப்ப கெணத்தயும் சொல்லணுமா?"

எனக்கு இந்த இடத்தில் இரண்டு நாள் பேனா ஓடவில்லை.

5

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. கிணறுகளைக் காட்ட நாகவல்லி நின்றிருந்தாள். அதிகாரிக்கு நான் பெயர் வைக்கவில்லை. கெட்டவராகவும் ஆக்கவில்லை. (முதல் வரைவில் தொப்பையும் வெற்றிலையும் கொடுத்திருந்தேன். மலிவான வேலை, அடித்துவிட்டேன்.) மெலிந்த மனிதர், வெயிலில் களைத்து வந்தார், கயிறு கட்டிய பாட்டிலைத் தானே இறக்கினார், முகர்ந்து பார்த்தார், குறித்துக்கொண்டார்.

வேம்புலியம்மாள் புளி போட்டு விளக்கிய செம்பில் அதே கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தார். "நல்லா இருக்கேம்மா" என்றார். பிளீச்சிங் வாடை தெரியாத அளவுக்குத் தாகம் போலிருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து: டீசல் உள்ளது. நான்கு: காணப்படவில்லை.

இதுவரை படித்துக் காட்டியதும் பேபி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, அவ அங்கதான நின்னா? 'சார், நேத்துதான் கழுவுனாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? நீங்க கதை நகரணும்னு வாயக் கட்டி வெச்சிட்டீங்க."

பேபி கேட்டால் நியாயமாகத்தான் கேட்பாள். அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் அல்லாடினேன். நாகவல்லி கோழை என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாள் என்று எழுதினேன். பயந்தாள்தான், ஆனால் அது மட்டுமில்லை. பிறகு ஒருநாள் அந்தச் செம்பு ஞாபகம் வந்தது.

நாகவல்லி வாயைத் திறந்தாள். 'சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் வேம்புலியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஜீப்பில் வந்த ஒரு ஆபீசர் தன் கையிலிருந்து, தன் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடிப்பதை அறுபது வயதில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் வேம்புலியம்மாள். அந்த முகத்துக்கு முன்னால் 'இது கழுவின கிணறு சார், நாறுகிற கிணறு' என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

இதைப் பேபியிடம் படித்துக் காட்டினேன். "சரி, மேல எழுதுங்க" என்றாள்.

6

பத்தொன்பதாம் நாள் நாற்றம் திரும்ப வந்தது. மண்ணுக்குள் இருந்த டீசல் எங்கே போகும்? கழுவியது கிணற்றைத்தானே.

மே பதினொன்று. மறுநாள் திட்டத்துக்கு அனுமதி தரும் குழு கூடுகிறது. பரந்தாமன் ட்ரேசிங் தாளை நாகவல்லி மேசையில் விரித்தார்.

"நாலாம் நம்பர கோட்டுக்கு வெளிய தள்ளிடும்மா. சுரண்டிட்டு இந்தப் பக்கமா வளைச்சுப் போடு. அஞ்சு மணிக்கு பிரிண்ட் எடுக்கணும்."

அவள் பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தாள். அன்று காலை இறைத்த தண்ணீர். பரந்தாமன் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தது.

"நாறுதும்மா. எனக்கும் மூக்கு இருக்கு. ஆனா ஆபீசர் எடுத்த சாம்பிள்தான் சாம்பிள். இன்னொரு தடவை எடுன்னு கேக்கலாம். மொத சாம்பிள் ஏன் தப்புன்னு எழுத்துல கேப்பாங்க. கெணத்தக் கழுவிட்டாங்கன்னு, கெணத்துக்காரங்க கைநாட்டோட எழுதிக் குடுக்கலாம். அடுத்து, தேதி எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க."

"நான்தான் சார் சொன்னேன்."

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என் காதுல விழல," என்றார். "எழுதிக் குடுத்தா உன் வேலை நிக்காது. இனிமே நம்ம ஆபீஸ் போடற திட்டத்த அவங்க நம்ப மாட்டாங்க. கழுவுனவங்க மேல வேற கேசு போட்டாலும் போடுவாங்க. யோசிச்சிக்க." வெளியே போய்விட்டார்.

கைநாட்டுக்காக நாகவல்லி ஏற்கனவே கேட்டிருந்தாள், முந்தின நாளே. வேம்புலியம்மாள் மறுத்துவிட்டாள் என்றுதான் முதலில் எழுதினேன். 'போடி, என் கிணற்றை நானே' என்று ஒரு வசனமும் வைத்தேன். எழுதி முடித்துப் படித்தால் பொம்மை பேசுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, அவளையே பேச விட்டேன்.

"வெக்கிறேன்மே," என்றாள் வேம்புலியம்மாள். "நாலு வரி இன்னா, நாப்பது வரிக்கு வெக்கிறேன். எங்க கெணறு நாறுது, நாங்கதான் கய்வுனோம், எய்திக்க. ஆனா ஒண்ணு. அன்னிக்கி அந்த ஆபீசர் குடிச்சாரே, அது நல்ல தண்ணிதான்னு சேத்து எய்துவியா?"

"அப்டி எழுதுனா மனு நிக்காது அத்தே."

"அப்ப அவுரு நாத்தத் தண்ணி குடிச்சார்னுதான ஆவும்? நான் குடுத்தேன்னுதான ஆவும்?"

வேம்புலியம்மாள் வெற்றுத்தாளின் அடியில் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். "நீயே பாத்து எய்திக்க. நீ படிச்சவ," என்றாள்.

இப்போது மேசையில் மூன்று இருக்கின்றன: ட்ரேசிங் தாள், பாதி பிளேடு, அடியில் கட்டைவிரல் ரேகை மட்டும் விழுந்த ஒரு வெள்ளைத் தாள். மணி மூன்றரை. கீழே லேத் நிற்கிறது, டீ நேரம். பேனா நடுங்காத கால் மணி நேரம்.

7

முடிவுகள்.

(அ) அவள் சுரண்டுகிறாள். கோட்டை உள்பக்கமாக வளைக்கிறாள். மற்ற நான்கு கிணறுகளும் சுத்தமாகின்றன. தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை. நடக்கக்கூடியது இதுதான். எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) அவள் வெள்ளைத் தாளை நிரப்புகிறாள். வேலை போகிறது. அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து மறுபடி தண்ணீர் எடுக்கிறார். தொட்டியைத் தோண்டுகிறார்கள், கைதட்டல். எனக்குப் பிடித்தது இது. பிடித்ததாலேயே நம்ப முடியவில்லை.

(இ) பேபி சொன்னது: "கெணறு முன்னாடி கோட்டுக்கு உள்ள இருந்துச்சோ வெளிய இருந்துச்சோ, உங்களுக்கு எப்படித் தெரியும்? அவ கை தவறி மை கொட்டி, தொடைக்கத்தான் சுரண்டுனாளோ என்னவோ." சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். என் கதை மொத்தமும் ஒரு மைத்துளியில் போய் நின்றது.

(ஈ) 'ஆவடியில் ஒரு ட்ரேசர் இருந்தான். எண்பத்துநான்கில் அவன் மேசையிலும் ஒரு வரைபடம் இருந்தது, ஒரு தெரு இருந்தது, கையில் பிளேடு'

இதை இத்தோடு விடுகிறேன். கட்டைவிரல் தழும்பைப் பற்றி மேலே சொன்னதே அதிகம். நாகவல்லி எனக்குப் பதிலாக நல்லபடி செய்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்படுவது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அப்படி ஆசைப்படுகிறவன் கையில் முடிவைக் கொடுக்கக் கூடாது.

8

நேற்று பஸ் ஏறிப் போனேன். எழுதுகிறவன் போகக் கூடாது, தெரியும். போனேன்.

வரைபடத்தில் இருந்தபடியே பங்க் இருந்தது. தரையில் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் புதுசு. தொட்டியைத் தோண்டி எடுத்து மூடியதா, வெடிப்பைப் பூசியதா, பார்த்தால் தெரியவில்லை. கேட்டால் பெட்ரோல் போடுகிற ஆள், "நான் வந்து ஆறு மாசம்தான் சார்" என்றான். நூற்று நாற்பது மீட்டர் நடந்தேன். என் காலுக்கு நூற்றுத் தொண்ணூறு தப்படி. ஒரு தெரு. ஒரு உறைக்கிணறு. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கிழவி.

அவள் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டு, வேறு பெயர் சொல்லிவிட்டால்?

"இன்னா நைனா, வெயில்ல வந்து நின்னுகினுகீற? ஆபீசரா?"

"இல்லம்மா. கதை எழுதுறவன்."

"எதுனா ஒண்ணு. வரேன்னு ஒரு வார்த்த மின்னாடியே சொல்லியிருந்தா எடத்த சுத்தம் பண்ணி வெச்சிருப்பமே," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் செம்பு.

"எந்தக் கெணத்துத் தண்ணிம்மா?"

"குடி நைனா. மொதல்ல குடி. மூஞ்சியெல்லாம் வாடிகீது."

செம்பு புளி போட்டு விளக்கிப் பளபளக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே. முகர்ந்து பார்க்கலாம் என்றால், என் மூக்கு செத்துப்போன விஷயம்தான் உங்களுக்குத் தெரியுமே. உங்கள் மூக்கு நன்றாக இருக்கிறது, நான்காம் கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள இங்கே வரைக்கும் என்னோடு வந்தும் விட்டீர்கள். இந்தாருங்கள், செம்பைப் பிடியுங்கள். முகர்ந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.